இறங்கவில்லை, அங்கேயே முளைத்தது: நாக்குப் புற்றுநோய் சிகிச்சையின் நடுவே தென்பட்ட இன்னொரு புற்றுநோய்

எண்டோஸ்கோப்பி பிரிவுக்கு நான் அனுப்பிய சீட்டில் ஒரே வரிதான் இருந்தது: "பெக் டியூப் பொருத்தவும்." எதற்காக என்றுகூட எழுதவில்லை. மூன்று வாரங்களுக்கு முன்பு நோயாளியின் நாக்கில் பாதியை எடுத்திருந்தோம். அடுத்து கதிர்வீச்சு. வாயும் தொண்டையும் புண்ணாகப் போகிற அந்த ஆறு வாரங்களுக்கு, வயிற்றுச் சுவர் வழியே இரைப்பைக்கு நேராக உணவு செலுத்தும் ஒரு குழாய் வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு. அரை மணி நேரத்தில் முடிகிற வேலை. முக்கால் மணி நேரம் கழித்து அங்கிருந்து போன் வந்தது. "டியூப் வைக்கவில்லை. கொஞ்சம் வந்து பாருங்கள்."

அந்தப் போனுக்கு முன்னும் பின்னும் நடந்ததுதான் இந்த ஆய்வு. நோயாளியை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவத் தகவல்களில் கை வைக்கவில்லை.

நோயாளி

56 வயது ஆண். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக சிகரெட், ஏறக்குறைய அதே காலம் மதுவும். நாக்கின் இடது ஓரத்தில் நான்கு மாதங்களாக ஆறாத புண். பல்லின் கூர்முனை குத்துவதால்தான் என்று நினைத்து முதலில் அந்தப் பல்லை ராவிக்கொண்டார். புண் ஆறவில்லை. இடது காதில் வலி தொடங்கியது. காதைப் பரிசோதித்தவர்கள் காதில் ஒன்றுமில்லை என்றார்கள். உண்மையிலேயே காதில் ஒன்றுமில்லைதான். நாக்கின் வலி நரம்பு வழியே காதுக்குப் போய் அங்கே வலிப்பதாகத் தோன்றும். இது தெரிந்த ஒருவர் வாயைத் திறக்கச் சொன்ன பிறகுதான் அவர் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

புண் 3.2 செ.மீ. விரலால் தடவினால் அடிப்பகுதி கெட்டியாக இருந்தது. கழுத்தின் இடது மேல்பகுதியில் ஒரு நிணநீர்க் கணு வீங்கியிருந்தது. பயாப்ஸியில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது மேல்தோலின் தட்டைச் செல்களில் தொடங்கும் புற்று என்று வந்தது. வாய்ப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். புற்று உள்ள இடங்களை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேனில் நாக்கும் அந்தக் கணுவும் ஒளிர்ந்தன. அறிக்கையின் கடைசி வரி, உடலின் பிற பகுதிகளில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்றது. அந்த வரியை இரண்டு முறை படித்தேன், நிம்மதிக்காக.

ஒன்றை இங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் வாய், தொண்டைப் புற்றுநோயாளிகளுக்கு மயக்கம் கொடுத்தவுடன் தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், மூச்சுக்குழாய் எல்லாவற்றையும் குழாய்விட்டு ஒரு சுற்றுப் பார்த்துவிடுகிற வழக்கம் இருந்தது. பெட் ஸ்கேன் வந்த பிறகு பல இடங்களில் அது தேய்ந்துபோனது. ஸ்கேன் சுத்தமாக இருக்கிறதே என்று நானும் பார்க்கவில்லை.

அறுவை சிகிச்சை குறையில்லாமல் முடிந்தது. நாக்கின் இடது பாதியையும் இடது கழுத்தின் நிணநீர்க் கணுக்களையும் அகற்றி, முன்கையிலிருந்து எடுத்த தோலையும் ரத்தக் குழாயையும் கொண்டு நாக்கை மீண்டும் உருவாக்கினோம். நோய்க்கூறியல் அறிக்கையின்படி கட்டி 11 மி.மீ. ஆழம் ஊடுருவியிருந்தது. எல்லாப் பக்கமும் ஓரம் சுத்தம். எடுத்த 38 கணுக்களில் ஒன்றில் மட்டும் புற்று. அதுவும் கணுவின் உறையைத் தாண்டவில்லை. கட்டிக்கு டி3, கணுவுக்கு என்1, இரண்டையும் சேர்த்தால் மூன்றாம் நிலை. உறை உடைந்திருந்தாலோ ஓரத்தில் புற்று மிஞ்சியிருந்தாலோ கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேர்த்திருப்போம். அந்த அவசியம் இல்லை. 30 தவணைகளில் 60 கிரே கதிர்வீச்சு, அறுவை சிகிச்சை நடந்த ஆறு வாரங்களுக்குள் தொடங்க வேண்டும் என்று முடிவானது.

இருபதாம் நாள்

எண்டோஸ்கோப்பி அறைக்குள் நான் நுழைந்தபோது திரையில் உணவுக்குழாய் சாதாரண வெளிச்சத்தில் தெரிந்தது. முன்பல்லிலிருந்து 28 செ.மீ. தொலைவு, மார்பின் நடுப்பகுதி. எனக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை. லேசாகச் சிவந்த ஓர் இடம் இருந்தது. அவருக்கு மூன்று வாரங்களாக மூக்கு வழியே டியூப் போட்டிருந்தோம். அது உரசினால் இப்படித்தான் சிவக்கும். "டியூப் உரசியிருக்கும்" என்றே சொல்லிவிட்டேன்.

எண்டோஸ்கோப்பி நிபுணர் பதில் பேசவில்லை. ஒரு பட்டனை அழுத்தினார். 415, 540 நானோமீட்டர் அலைநீளங்களில் மட்டும் ஒளியைப் பாய்ச்சும் முறை அது. ரத்தம் அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் நுண்ணிய நாளங்கள் எடுப்பாகத் தெரியும். சுற்றியிருந்த சுவர் வெளிறிப் பச்சையானது. சிவந்திருந்த இடம் மட்டும் எல்லை வகுத்த பழுப்புத் திட்டானது. பெரிதாக்கிக் காட்டினார். நேர்த்தியான சிறு வளையங்களாக இருக்க வேண்டிய நாளங்கள் அங்கே புடைத்து, முறுக்கி, ஒன்றுக்கொன்று ஒவ்வாத அளவுகளில் புள்ளிப் புள்ளியாக நின்றன. டியூப் உரசிய புண்ணுக்கு இப்படி எல்லைக்கோடும் இருக்காது, இப்படிப்பட்ட நாளங்களும் இருக்காது.

அடுத்து லூகோல் அயோடின். 1829-ல் பிரெஞ்சு மருத்துவர் ழான் லூகோல் வேறு நோய்களுக்காகத் தயாரித்த கரைசல். உணவுக்குழாயின் ஆரோக்கியமான செல்களில் கிளைக்கோஜன் நிறைய இருக்கும், அயோடின் பட்டதும் அவை அடர்பழுப்பாகும். புற்றாக மாறிய செல்களில் கிளைக்கோஜன் இருக்காது, நிறம் ஏறாது. கரைசலைத் தெளித்ததும் சில நொடிகளில் குழாய் முழுக்கத் தேக்கு மரத்துக்குப் பாலிஷ் போட்டதுபோல் ஆனது. 28 செ.மீ.யில் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. அகலத்துக்கு நிறம் ஏறாத ஒரு தீவு. "இரண்டு நிமிஷம் பொறுங்கள்" என்றார். பொறுத்தோம். மஞ்சள் வெளிர்நிறத் தீவு மெல்ல இளஞ்சிவப்பானது. எண்டோஸ்கோப்பி செய்பவர்களுக்கு இந்த நிறமாற்றம் நன்றாகப் பழக்கமானது. அழற்சியால் நிறம் ஏறாமல் போன இடங்கள் பொதுவாக இப்படிச் சிவக்காது. அதிதீவிர முன்புற்று மாற்றமோ (புற்றாவதற்கு முந்தைய நிலை) புற்றோ என்றால்தான் சிவக்கும்.

அந்தத் தீவைத் தவிர குழாய் நெடுகிலும் நிறம் ஏறாத சின்னச் சின்னப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. அவை சிவக்கவில்லை. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரே ஒரு துண்டுதான் பயாப்ஸிக்கு எடுத்தார். இன்னும் இரண்டு எடுக்கலாமே என்றதற்கு, நிறைய கிள்ளினால் அடியில் தழும்பு விழும், பிறகு இதை உரித்தெடுக்க நேர்ந்தால் தழும்பு இடத்தில் தூக்காது என்றார். கத்தி எடுக்கும் முன்பே அடுத்த வேலையை யோசித்தவரிடம் நான் மேற்கொண்டு பேசவில்லை.

வாயில் இருந்தது இறங்கிவிட்டதா?

பயாப்ஸி நான்காம் நாள் வந்தது: ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. நாக்கில் இருந்த அதே வகை. நோயாளியும் மகளும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு இன்னும் பேச்சு சரியாக வரவில்லை, எழுதிக் காட்டுவார். அவருக்குப் பதிலாக மகள் கேட்டார்: "வாயில் இருந்தது கீழே இறங்கிவிட்டதா டாக்டர்?"

இறங்கியிருந்தால் அது பரவல். சிகிச்சையின் நோக்கமே மாறிவிடும். குணமாக்குவது என்ற பேச்சு ஏறக்குறைய முடிந்துவிடும். இறங்காமல் அங்கேயே முளைத்ததென்றால் இரண்டும் தனித்தனி ஆரம்ப நோய்கள், இரண்டையும் குணமாக்கப் பார்க்கலாம். நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே வகைச் செல்லாகத் தெரியும்போது எப்படிப் பிரிப்பது?

இதற்கான பழைய அளவுகோல் வாரன், கேட்ஸ் இருவரும் 1932-ல் வகுத்தது. ஒவ்வொரு கட்டியும் ஐயமில்லாமல் புற்றாக இருக்க வேண்டும், ஒன்றிலிருந்து ஒன்று விலகி இருக்க வேண்டும், ஒன்று மற்றதன் பரவலாக இருக்க வாய்ப்பில்லை என்று தெரிய வேண்டும். முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதைத்தான் நோய்க்கூறியல் நிபுணர் தன் மேசைக்கு என்னை அழைத்துக் காட்டினார்.

வேறெங்கிருந்தோ ரத்தம் வழியாகவோ நிணநீர் வழியாகவோ வந்து குடியேறும் புற்று, சுவரின் அடியில்தான் உட்காரும். அங்கிருந்து மேல்நோக்கித் தள்ளும். மேல்தோல் முதலில் பழுதுபடாமல் போர்வைபோல மூடியிருக்கும். இங்கே கதை தலைகீழ். மேல்தோலே கெட்டிருந்தது. கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் சாதாரணத் தோல். அடுத்து செல்கள் ஒழுங்கு கலைந்த முன்புற்று மாற்றம். அதற்கடுத்து மேல்தோலின் முழுத் தடிமனும் புற்றானாலும் அடித்தளத்தைத் தாண்டாத நிலை. மூன்றும் ஒன்றையொன்று தொட்டபடி, படிக்கட்டுபோல. பிறந்து வளர்ந்த இடம் அதுதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இருந்தாலும், புற்றைத் தடுக்கும் பி53 மரபணுவின் புரதத்தைக் காட்டும் சாயமும் போட்டுப் பார்த்தார். நாக்குக் கட்டியில் செல்களின் உட்கருக்கள் எல்லாம் பழுப்பேறி நின்றன. உணவுக்குழாய்த் துண்டில் புற்றுச் செல் ஒன்றில்கூடச் சாயம் ஏறவில்லை. பக்கத்துச் சாதாரணச் செல்களில் அங்கங்கே ஏறியிருந்ததால் சாயத்தின் பிழையும் இல்லை. ஒரே மரபணு, இரண்டு இடங்களில் இரண்டு விதமாகக் கெட்டிருக்கிறது.

எல்லா நேரமும் இவ்வளவு தெளிவாக அமைவதில்லை. நுரையீரலில் ஒற்றைக் கட்டி தெரிந்து, அதுவும் ஸ்குவாமஸ் வகையாகவே இருந்துவிட்டால், பரவலா புதிதா என்று கடைசிவரை முடிவு சொல்ல முடியாத நோயாளிகளும் உண்டு. முற்றிலும் வேறு வகை என்றால் கவலை வேறு மாதிரி. கழுத்தில் எடுத்த கணுவுக்குள் தைராய்டின் பாப்பிலரி புற்றோ, நிணநீர்ப் புற்றான லிம்போமாவோ எதிர்பாராமல் கிடக்கும்; கணுவில் இருப்பதெல்லாம் வாயிலிருந்து வந்தது என்று எண்ணிவிட்டால் நிலைக்கணக்கே தப்பாகும், தேவையில்லாத கதிர்வீச்சும் போய்ச் சேரும்.

மகளின் கேள்விக்குத் திரும்புகிறேன். அதே கோரிக்கைச் சீட்டின் பின்பக்கத்தில் வாயிலிருந்து வயிறு வரை ஒரு நீளக் குழாய் வரைந்தேன். 30 ஆண்டுகளாகப் புகையும் மதுவும் இந்த வழி முழுவதும் பட்டிருக்கின்றன, நாக்கில் மட்டும் பட்டதல்ல என்றேன். 1953-ல் ஸ்லாட்டரும் அவருடைய கூட்டாளிகளும் 783 வாய்ப் புற்றுநோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்தபோது, பத்தில் ஒருவருக்குச் சற்று மேல், ஒன்றுக்கு மேற்பட்ட தனித்தனிக் கட்டிகள் இருந்தன. கட்டியைச் சுற்றி, பார்வைக்கு நன்றாகத் தெரிந்த திசுவும் நுண்ணோக்கியில் கெட்டுப்போயிருந்தது. விளைநிலமே மாறிவிட்டது என்ற பொருளில் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். இந்த வரலாற்றை நான் மகளிடம் சொல்லவில்லை. "இறங்கவில்லை அம்மா, அங்கேயே முளைத்திருக்கிறது. வாயில் வந்ததற்கு எது காரணமோ இதற்கும் அதுவே காரணம்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் முகம் தெளிந்தது. நோயாளி நோட்டை இழுத்து எழுதினார்: "அப்படியென்றால் இன்னும் முளைக்குமா?"

ஆமாம், முளைக்கலாம். தலை, கழுத்துப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஆண்டுக்கு நூற்றில் இரண்டு, மூன்று பேர் என்ற கணக்கில் புதிய புற்று வந்துகொண்டே இருக்கிறது. தலை, கழுத்துப் பகுதியிலேயே இன்னொன்று, நுரையீரல், உணவுக்குழாய் ஆகியவைதான் அதிகம். முதல் நோய் குணமானவர்களின் உயிரைப் பின்னாளில் எடுப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இதைச் சொல்லும்போது அவர் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். மகள்தான் குனிந்துகொண்டார்.

எது முதலில்?

பல துறை மருத்துவர்கள் கூடிச் சிகிச்சையை முடிவுசெய்யும் டியூமர் போர்டில் வாக்குவாதம் நடந்தது, நடக்க வேண்டியதும்தான். கதிர்வீச்சு நிபுணருக்குக் காலண்டர்தான் பேச்சு: அறுவை சிகிச்சை முடிந்து 26 நாள் ஆகிவிட்டது, ஆறு வாரக் கெடு தாண்டினால் நாக்கில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். இன்னொருவர் உணவுக்குழாயை அறுத்தெடுத்துவிடலாம் என்றார். நாக்கில் பாதியை இழந்து, எடை குறைந்து, ஒரு மாதம்கூட ஆகாத மனிதருக்கு மார்பைத் திறக்கும் அறுவை சிகிச்சை! என் குரல் அங்கே கொஞ்சம் உயர்ந்தது.

முடிவு ஒற்றைக் கேள்வியில் தொங்கியது: எவ்வளவு ஆழம்? உணவுக்குழாய்ச் சுவரில் நிணநீர் நாளங்கள் மேற்பரப்புக்கு மிக அருகிலேயே இருக்கின்றன. குடலைவிட இங்கே புற்று சீக்கிரம் கணுக்களுக்குப் போய்விடும். மேல்தோலிலும் அதன் உடனடி அடியடுக்கிலும் நிற்கிறதென்றால் கணுவுக்குப் போயிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. எண்டோஸ்கோப் வழியாக உரித்தெடுத்தால் போதும். சளிச்சவ்வைக் கடந்து அதற்குக் கீழேயுள்ள படலத்துக்குள் 200 மைக்ரானைத் தாண்டினால் கணக்கு மாறும். 200 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய நோய் பெட் ஸ்கேனில் ஒளிரவில்லை என்றால் ஸ்கேனைக் குறைசொல்ல முடியாது. அந்த அறிக்கையின் கடைசி வரி, தன்னால் பார்க்க முடிந்த அளவில், உண்மைதான்.

பெக் டியூப் ஏன் வைக்கப்படவில்லை என்பதும் இங்கேதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. ஒருவேளை ஆழமாக இருந்து உணவுக்குழாயை எடுக்க நேர்ந்தால், அந்த இடத்துக்கு இரைப்பையைத்தான் குழாயாக்கி மேலே இழுப்பார்கள். அந்தக் குழாய் உயிரோடு இருப்பது இரைப்பையின் பெருவளைவோரம் ஓடும் ஒரு தமனியை நம்பி. கண்ணுக்குத் தெரியாமல் வயிற்றைத் துளைக்கும்போது அதில் காயம் பட்டுவிட்டால் போச்சு. பெக் வைத்த பிறகும் பலருக்கு இரைப்பைக் குழாய் செய்ய முடிந்திருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் பத்து நாள் பொறுத்தால் தெரிந்துவிடும் விஷயத்துக்காக அந்த ஆபத்தை ஏன் எடுக்க வேண்டும்?

நாளங்களின் வடிவம் ஆழம் குறைவு என்றே சொன்னது. எனவே உரித்தெடுப்பது முதலில், கதிர்வீச்சு அதன்பின். இடைப்பட்ட நாட்களில் கதிர்வீச்சின்போது தலை அசையாமல் பிடிக்கும் முகமூடி வார்ப்பு, பல் வேலை, கதிர்வீச்சுத் திட்டமிடல் எல்லாம் நடந்துகொண்டிருக்கும். கழுத்துக்குப் பாய்ச்சும் கதிர் 28 செ.மீ.யைத் தொடாது என்பதால் ஒன்றின் புண்ணை மற்றது கெடுக்கும் பயமும் இல்லை.

முப்பதாம் நாள் அது நடந்தது. திட்டைச் சுற்றிப் புள்ளி வைத்து, அடியில் திரவம் செலுத்தி உப்பவைத்து, நுண்கத்தியால் ஓரம் வெட்டி, அடியோடு உரித்து ஒரே துண்டாக எடுத்தார்கள். வட்டச் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. முக்கால் பங்கைத் தாண்டினால்தான் குழாய் சுருங்கும் பயம் அதிகம். துண்டைக் கார்க் பலகையில் ஊசி குத்தி விரித்து அனுப்பினார்கள். 14 மி.மீ. மேல்தோலுக்கு அடுத்த அடுக்கோடு நின்றிருந்தது. நிணநீர், ரத்த நாளங்களில் ஊடுருவல் இல்லை. ஓரங்கள் சுத்தம். உணவுக்குழாய்க்கு இனி வேறு சிகிச்சை வேண்டாம்.

38-ஆம் நாள் பெக் டியூப் பொருத்தப்பட்டது. வாய் வழியாக இழுத்துவரும் வழக்கமான முறையைத் தவிர்த்து, வயிற்றுக்கு வெளியிலிருந்து நேராகச் செருகும் முறையில். வாயைக் கடந்து இழுக்கும்போது புற்றுச் செல் ஒட்டிக்கொண்டு வந்து வயிற்றுத் துளையில் முளைத்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. நாக்குக் கட்டியை எடுத்தாகிவிட்டது என்றாலும், அந்த அளவுக்கு எல்லோரும் எச்சரிக்கையாகிவிட்டிருந்தோம். 42-ஆம் நாள் கதிர்வீச்சு தொடங்கியது. கெடுவின் கடைசி நாள். நோயாளிகள் கரண்ட் வைப்பது என்று சொல்லும் அந்த ஆறு வாரங்களை அவர் ஒரு நாள்கூட விடாமல் முடித்தார்.

சின்னச் சின்னப் புள்ளிகள்

நிறம் ஏறாத புள்ளிகள் குழாய் நெடுகச் சிதறியிருந்தன என்றேனே, அவை எடுக்க வேண்டியவை அல்ல. ஆனால் அவை அதிகமாக உள்ளவர்களுக்குத்தான் உணவுக்குழாயிலும் தொண்டையிலும் மீண்டும் மீண்டும் புற்று வருகிறது. மதுவை முற்றிலும் விடுபவர்களுக்கு அந்த ஆபத்து குறைகிறது. சிகரெட்டை அவர் அறுவை சிகிச்சை நாளிலேயே விட்டிருந்தார். மது அவ்வளவு சுலபமாக விடவில்லை. ஐந்தாம் மாதம் ஒருமுறை சறுக்கினார். தானே வந்து சொன்னார். திட்டவில்லை. மனநல மருத்துவரிடம் அனுப்பினேன்; முதல் நாளே அனுப்பியிருக்க வேண்டும்.

முதல் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அயோடின் எண்டோஸ்கோப்பி. 14-ஆம் மாதம் புள்ளிகளில் ஒன்று 5 மி.மீ. அளவுக்கு வளர்ந்து இளஞ்சிவப்பானது. அதையும் உரித்தெடுத்தார்கள். அதிதீவிர முன்புற்று மாற்றம், புற்று அல்ல. நாக்கிலும் கழுத்திலும் நோய் திரும்பவில்லை. பெக் டியூபை ஏழாம் மாதமே எடுத்துவிட்டோம். பேசுகிறார்; ழகரமும் ளகரமும் ஒன்றாகத்தான் விழுகின்றன, ஆனால் போனில் கேட்டால் புரிகிறது.

என் சீட்டும் மாறியிருக்கிறது. டியூப் வைக்க அனுப்பினாலும் புகை, மதுப் பழக்கத்தையும் முதல் நோயையும் எழுதி, உணவுக்குழாயை அயோடின் போட்டுப் பார்க்கவும் என்று சேர்க்கிறேன். எண்டோஸ்கோப்பி நிபுணர் சிரிக்கிறார்: "நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் நான் பார்ப்பேன்."

ஒவ்வொரு முறை அயோடின் போட்ட பிறகும் நோயாளி என்னிடம் வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: எத்தனை புள்ளி? போன முறை ஒன்பது. இந்த முறை ஏழு.

"எண்ணியதில் தப்பு வந்திருக்குமா டாக்டர்?"

"வந்திருக்கலாம்" என்றேன். ஏழு என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.